சபையை ஒப்படைத்த பிறகு

ஓய்வுபெற்ற குருவானவர் தாம் பணியாற்றிய சபையில் திருமணம் நடத்துவதில்லை, ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அடக்க ஆராதனைக்கு அங்கி அணிந்து நிற்பதில்லை. இப்போது பொறுப்பில் இருக்கும் குருவானவர் தாமாக விரும்பி அழைத்தால் மட்டுமே அந்தப் பீடத்தருகே போகலாம். ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையில் ஓய்வுபெறுகிறவர்களிடம் எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு இது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரக்கமற்றதாகத் தோன்றும். ஓய்வுபெற்ற பிறகு நான் கற்றவற்றில் இதுவே முதன்மையானது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தின் வடமேற்குக் குன்றுப் பகுதியில் ஒரு சிற்றூர்ச் சபையில் நீண்ட காலம் இருந்தேன். நான் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகள் வளர்ந்து, திடப்படுத்தல் பெற்று, கல்லூரிக்குப் போய், தங்கள் குழந்தைகளோடு திரும்பி வந்ததைப் பார்த்தேன். அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் இறந்த இரவுகளில் அந்தக் கட்டில்களின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட உறவு பிரிவுபசார விருந்தோடு முடிந்துவிடுவதில்லை. ஓய்வுபெற்ற முதல் குளிர்காலத்தில் அந்தச் சபையின் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கணவர் அன்று அதிகாலையில் இறந்திருந்தார். "ஃபாதர், நீங்கள்தான் வந்து அடக்கம் செய்ய வேண்டும். புதியவருக்கு இவரைத் தெரியாதே" என்றார்.

"நான் வருவேன். கடைசி இருக்கையில் உட்கார்ந்து உங்களோடு ஜெபிப்பேன். ஆராதனையை உங்கள் குருவானவர் நடத்துவார். அவரை இன்றைக்கே வீட்டுக்கு அழைத்து, உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் புதிய குருவானவர் அன்று பிற்பகல் முழுவதும் அந்த வீட்டில் இருந்தார். இறந்தவரின் மரவேலைக் கூடத்தைப் பார்த்தார், புகைப்படங்களைப் பார்த்தார், பேரப்பிள்ளைகள் சொன்ன கதைகளைக் கேட்டார். அடக்க ஆராதனையில் அவர் பேசியதைக் கேட்டபோது, என்னாலும் அதைவிட உண்மையாகப் பேசியிருக்க முடியாது என்று தோன்றியது. இன்று அந்தக் குடும்பம் அவரைத்தான் தங்கள் குருவானவர் என்று சொல்கிறது. துக்கத்தின் வழியாகத்தான் ஒரு குருவானவர் ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறார். அந்த வாசலில் பழையவர் வந்து நின்றுகொண்டால் புதியவருக்கு உள்ளே போக வழியில்லை.

இதைச் செயலில் காட்டுவது எப்படி என்று சில இளைய நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். விடைபெறும் முன்பே சபைக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும்: இன்ன நாளுக்குப் பிறகு உங்கள் திருமணங்களையும் அடக்கங்களையும் நடத்த நான் வர இயலாது, இது உங்கள்மீதுள்ள அன்பினால்தான் என்று. அதே செய்தியைப் பிரசங்க பீடத்திலிருந்தும் சொல்ல வேண்டும். பிறகு யாராவது கேட்டால் ஒரே வாக்கியத்தில் மறுக்க வேண்டும். "உங்கள் குருவானவர் சம்மதித்தால் வருகிறேன்" என்று மட்டும் சொல்லவே கூடாது. அப்படிச் சொல்வது பெருந்தன்மையாகத் தெரியும். உண்மையில் பாரம் முழுவதையும் புதியவரின் தலையில் ஏற்றிவிடுகிறோம். அவர் மறுத்தால் துக்க வீட்டில் கெட்ட பெயர் அவருக்கு. சம்மதித்தால் அடுத்தடுத்த வீட்டாரும் வந்து நிற்பார்கள். புதியவரைப் பற்றிய குறைகளுக்கும் காது கொடுக்கக் கூடாது. "அவர் பாட்டுகளை மாற்றிவிட்டார்" என்று யாராவது தொடங்கினால், நான் உடனே அவர்களுடைய தோட்டத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு இந்த ஒழுங்கு இன்றுவரை புரியவில்லை. "நீ கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையின் கல்யாணத்தில் நீ ஒரு ஜெபம்கூடச் செய்யக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திருநெல்வேலிப் பக்கம் குருவானவரை ஐயர் என்பார்கள். அங்கே ஒரு திருமணம் என்றால் இப்போதுள்ள ஐயர், முன்பிருந்த ஐயர், உறவில் உள்ள ஐயர் என்று பீடத்தில் பலர் நிற்பார்கள். ஒருவர் வேதம் வாசிப்பார், ஒருவர் ஜெபிப்பார், ஒருவர் ஆசி கூறுவார். அது மரியாதை. அங்கே குருவானவர்களைத் திருமண்டலம், அதாவது பேராயரின் கீழுள்ள நிர்வாகம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகரம் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பகுதி) மாற்றிவிடுகிறது. யாரும் ஓரிடத்தில் வேர் பிடிப்பதில்லை. இங்கே சபையின் நிர்வாகக் குழுவே பேராயரின் இசைவோடு தனக்கொரு குருவானவரைத் தேடி அழைத்துக்கொள்கிறது. அழைக்கப்பட்டவர் பத்து, இருபது ஆண்டுகள்கூட இருந்துவிடலாம். பற்று அந்த அளவுக்கு ஆழமாகிவிடுவதால்தான் விலகலும் அந்த அளவுக்குக் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. அக்காவிடம் இதை விளக்கினேன். "என்னவோ போ" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியில் நாங்கள் சேர்ந்து சொல்லும் வேதாகமச் சங்கீதத்தைத் தொடங்கினார்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. நான் விலகியபோது என் மனைவியும் விலக வேண்டியிருந்தது. அவள் செவிலியராக வேலை பார்த்தவள். பாடகர் குழுவில் பாடினாள். பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்து வைக்கும் பெண்கள் குழுவில் இருந்தாள். ஊரில் அவளுக்கு இருந்த தோழிகள் அனைவரும் சபையில் கிடைத்தவர்கள். எனக்கு ஓய்வூதியமும் பாராட்டுக் கேடயமும் கிடைத்தன. அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அத்தனையும் நின்றுபோனது. ஓய்வுபெறப்போகும் குருவானவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: அடுத்து எந்தச் சபையில் உட்காருவது என்பதை உங்கள் துணைவர் முடிவு செய்யட்டும். என் மனைவி மூன்று நான்கு ஆலயங்களுக்குப் போய்ப் பார்த்து, பாடகர் குழு நன்றாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். அங்கே அவளை யாரும் ஐயரம்மா ஸ்தானத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அவளுடைய குரலுக்காகவே அவளை வரவேற்றார்கள். பழைய தோழிகளை அவள் வெளியே சந்திக்கிறாள். அந்தப் பேச்சில் சபை விவகாரம் வராது என்று அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது.

நான் இங்கே வந்த வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் குருத்துவம் பெற்றவன். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் மரபினர் ஒன்றிணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கிய திருச்சபை அது. இன்று அதற்கும் எபிஸ்கோப்பல் திருச்சபைக்கும் முழு ஐக்கிய உறவு இருப்பதால், இங்கே வந்தபோது எனக்கு மறுபடியும் குருத்துவம் கொடுக்கத் தேவை ஏற்படவில்லை; என் பேராயரின் கடிதமும் இங்குள்ள பேராயரின் ஏற்பும் போதுமானவையாக இருந்தன. வந்து சேர்ந்த இடமும் பொருத்தமானது. 1783இல் கனெக்டிகட் குருமார் சிலர் உட்பரி என்ற ஊரில் கூடி, சாமுவேல் சீபரியைத் தங்கள் பேராயராகத் தெரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் அபிஷேகம் பெற அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். விடுதலை பெற்ற அமெரிக்கரால் அது முடியாது. ஆகவே அவர் ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பரில் அபர்டீன் நகரில் அபிஷேகம் பெற்று வந்தார். அமெரிக்காவின் முதல் எபிஸ்கோப்பல் பேராயர் அவர். உட்பரியில் அவர்கள் கூடிய வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தச் சாலை வழியாக எத்தனையோ முறை காரோட்டிப் போயிருக்கிறேன். நான் பெற்ற குருத்துவமும் கடல் கடந்து வந்ததுதான் என்ற நினைவு ஒவ்வொரு முறையும் எழும்.

பணத்தைப் பற்றிப் பேசக் குருவானவர்கள் கூசுகிறோம். பேசாமல் இருந்து முதுமையில் துன்பப்படுகிறவர்களைப் பார்த்திருப்பதால் பேசுகிறேன். எபிஸ்கோப்பல் குருமாருக்கு ஓய்வூதிய நிதி ஒன்று 1917 முதல் இருக்கிறது. மாசசூசெட்ஸ் பேராயர் வில்லியம் லாரன்ஸ் முன்னின்று பணம் திரட்டி உருவாக்கியது. குருவானவரின் ஊதியத்தையும் வீட்டு வசதியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதில் 18 சதவீதத்தைச் சபை அந்த நிதிக்குக் கட்டுகிறது. 65 வயதில் முழு ஓய்வூதியத்தோடு விலகலாம். 72 வயதானால் பொறுப்பை விட்டாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதன் பிறகும் பேராயர் அனுமதித்தால் ஒவ்வோர் ஆண்டாக நீட்டித்துப் பணி செய்யலாம்.

ஆனால் ஓய்வூதியத்தின் அளவு இந்தத் திருச்சபையில் பணியாற்றிய ஆண்டுகளைப் பொறுத்தது. என்னைப் போல் நடுவயதில் வந்தவர்களுக்கு ஊரில் உழைத்த ஆண்டுகள் அதில் சேராது. அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகைக்குக் குறைந்தது பத்து ஆண்டுகள் வரி கட்டி உழைத்திருக்க வேண்டும். குருவானவர் அந்த வரிக் கணக்கில் சொந்தத் தொழில் செய்பவராகக் கருதப்படுவதால் 15.3 சதவீதம் முழுவதையும் அவரே கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் இளம் குருவானவர்கள் முதல் ஆண்டிலேயே இதை அறிந்திருக்க வேண்டும். இன்னொன்று குருமனை. சபை கொடுக்கும் வீட்டில் வசதியாகக் குடியிருந்துவிட்டு, ஓய்வுபெறும் நாளில் தலைக்கு மேல் சொந்தக் கூரை இல்லாமல் நிற்பவர்கள் பலர். குருமனையில் இருப்பவர்கள், பிற்காலத்தில் வீடு வாங்குவதற்கென்று ஒரு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கித் தரும்படி நிர்வாகக் குழுவிடம் பணி ஏற்கும் முன்பே கேட்க வேண்டும். கேட்பது பேராசை ஆகாது. நாங்கள் வாங்கியது சிறிய வீடு; படுக்கையறை தரைத் தளத்தில் இருக்க வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். மூட்டு வலி வந்த பிறகு அந்தப் பிடிவாதத்துக்காக நன்றி சொல்கிறேன்.

இனி ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

எங்கள் ஜெபப் புத்தகத்தில், 1979 பதிப்பில், காலை ஜெபம், நண்பகல் ஜெபம், மாலை ஜெபம், இரவு ஜெபம் என்று நாளின் வேளைகளுக்கு ஒழுங்கு உண்டு. 150 சங்கீதங்களும் மாதத்தின் முப்பது நாட்களுக்குக் காலை, மாலை என்று பங்கிடப்பட்டிருக்கின்றன. பணியில் இருந்தபோது கூட்டங்களும் மருத்துவமனை அழைப்புகளும் இந்த ஒழுங்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டே இருக்கும். இப்போது வெட்ட எதுவும் இல்லை. ஆனால் வேறொரு ஆபத்து வந்தது. நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத நாளில் ஜெபம் பத்து மணிக்குத் தள்ளிப்போகும், பிறகு மதியத்துக்கு, பிறகு மறந்தே போகும். ஓய்வுபெற்றவருக்கு ஜெபம் தானாகப் பெருகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் செய்தது, அதை இன்னொருவரோடு கட்டிப்போட்டது. இங்கே இரவு எட்டரை மணி என்றால் பாளையங்கோட்டையில் மறுநாள் காலை. கோடையில் ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. அக்கா ஊசிக்கோபுரம் என்னும் பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் காலை ஜெபத்துக்கு உட்காரும் அதே நேரத்தில், நான் இரவு ஜெபத்துக்கு உட்காருகிறேன். தொலைபேசியில் ஒரு சங்கீதம் தமிழில், ஆளுக்கொரு வசனமாக. பிறகு அவரவர் ஜெபம். அக்கா காத்திருப்பார் என்பதே என்னை நேரத்துக்கு உட்கார வைக்கிறது.

ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி காலையில் 71ஆம் சங்கீதம் வரும். முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும் என்று கேட்கும் சங்கீதம். நாற்பது வயதில் அதை மற்றவர்களுக்காகச் சொன்னேன். இப்போது எனக்காகவே சொல்கிறேன். இதே சங்கீதம் இந்தத் தலைமுறைக்கு உமது வல்லமையை அறிவிக்குமளவும் என்னைக் கைவிடாதேயும் என்றும் கேட்கிறது. முதியவருக்கு இன்னும் சொல்ல வேண்டிய செய்தி மிச்சமிருக்கிறது என்பதே அந்த வேண்டுதலின் ஆதாரம். மாதந்தோறும் அந்தத் தேதி எனக்குத் தைரியம் தருகிறது.

பழைய சபையின் குடும்பப் பட்டியல் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தினமும் ஒரு பக்கத்தில் உள்ள பெயர்களைச் சொல்லி ஜெபிக்கிறேன். அவர்களைப் பார்க்கப் போவதில்லை. நலம் விசாரித்துக் கடிதம் எழுதுவதில்லை. அவர்களுக்காக நான் செய்ய யாரும் தடை சொல்ல முடியாத பணி இது ஒன்றுதான். மேய்ப்பனின் வேலையில் பெரும்பகுதி பேச்சாகவும் ஏற்பாடாகவும் இருந்த காலத்தைவிட, இப்போதுதான் அந்த மக்களை நிதானமாகக் கடவுளின் முன் வைக்கிறேன் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாரத்தில் இருமுறை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். என் பழைய சபைக்காரர் யாராவது அங்கே சேர்ந்தால், இப்போதைய குருவானவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் அவர்களைப் பார்ப்பேன். மற்றபடி எந்தச் சபையும் இல்லாதவர்கள், இருந்த சபை மூடப்பட்டுவிட்டவர்கள், பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருக்கிறவர்கள் என்று பலர். நினைவு மங்கியவர்களே அதிகம். இவர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஏராளம். இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் வீட்டிலேயே இப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது உதவும்.

முற்பகலில் போக வேண்டும். நினைவு மங்கியவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் கலக்கமும் கூடுகின்றன. நின்றுகொண்டு பேசாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். காதுக் கருவி காதில் இருக்கிறதா, மின்கலம் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எத்தனையோ பேர் ஜெபம் கேட்காமலே ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "என்னை யாரென்று தெரிகிறதா?" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. அது அவர்களுக்குத் தேர்வு எழுதுவது போன்ற வேதனை. நாமே பெயரைச் சொல்லி, குருவானவர் என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் போதும்.

அடுத்து, பழைய ஜெபங்களைச் சொல்ல வேண்டும். எண்பது, தொண்ணூறு வயதில் இருப்பவர்கள் 1928ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் வளர்ந்தவர்கள். 1979 புத்தகம் வந்தபோது அவர்கள் நடுவயதினர். இன்றைய நடையில் பரமண்டல ஜெபத்தைச் சொன்னால் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைப் பருவத்தில் முழங்காலிட்டுக் கற்ற நடையில் தொடங்கினால், இரண்டாவது வரியிலேயே உதடுகள் அசையும். மாதக்கணக்கில் ஒரு முழு வாக்கியம் பேசாதிருந்த ஒரு மூதாட்டி 23ஆம் சங்கீதத்தை என்னோடு கடைசிவரை சொன்னார். அருகில் நின்ற அவருடைய மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அம்மாவும் கடைசி மாதங்களில் எங்கள் பெயர்களையெல்லாம் மறந்த பிறகும் கீர்த்தனைகளைப் பல்லவியிலிருந்து சரணம்வரை பாடினார்கள். அறிவு முழுவதும் போய்விட்டது என்று வீட்டார் எண்ணும் நேரத்திலும் ஜெபம் அங்கே இருக்கிறது. ஆகவே அவர்கள் முன்னிலையில் அவர்களைப் பற்றி, அவர்கள் அங்கே இல்லாததுபோல் பேசாதீர்கள். குருமாருக்கும் பிள்ளைகளுக்கும் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தைக் கொடுக்கும் முன்பு, விழுங்குவதில் சிரமம் உண்டா என்று செவிலியரிடம் விசாரிக்க வேண்டும். சிலருக்கு நீர்ப் பொருள்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கும் ஆபத்தாகலாம். விழுங்கவே முடியாதவர்களுக்கு எங்கள் ஜெபப் புத்தகம் வழி வைத்திருக்கிறது: பெற வேண்டும் என்று விரும்பியும் உடலால் பெற இயலாதவர், வாயால் உட்கொள்ளாவிட்டாலும் திருவிருந்தின் பலன்கள் அனைத்தையும் பெறுகிறார் என்று அவருக்கு உறுதி கூற வேண்டும். நான் அப்பத்தை அவர்கள் கண்முன் உயர்த்திக் காட்டி, இதைச் சொல்லி, நெற்றியில் எண்ணெய் பூசுகிறேன். உணவுக் குழாய் பொருத்தப்பட்ட ஒரு மனிதர், நீண்ட நாட்களாகத் தம்மை யாரும் பந்திக்கு அழைக்கவில்லை என்று எழுதிக் காட்டினார். அந்த வார்த்தைகளை மெதுவாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்படி அவரே கை காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை, குருவானவர் இல்லாத சபைகளுக்கு மாற்றாகப் போகிறேன். மற்ற ஞாயிறுகளில் மனைவியின் சபையில், பின்வரிசையில். பின்வரிசையில் உட்காருவது முதலில் கடினமாக இருந்தது. பிரசங்கம் கேட்கும்போது, நானாக இருந்தால் இந்த இடத்தில் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: பிரசங்கத்திலிருந்து எனக்குத் தேவையான ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் அந்த இளம் குருவானவரிடம் அதையே திருப்பிச் சொல்லி நன்றி கூறுகிறேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய ஊக்கம் என்பது பிரசங்கம் செய்த யாருக்கும் தெரியும்.

மாற்றாகப் போவது தனிக் கலை. முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். இந்தச் சபையில் பாத்திரத்திலிருந்து நேராகக் குடிக்கிறார்களா, அப்பத்தைத் தோய்த்துக்கொள்கிறார்களா, குளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லாத அப்பம் யாருக்கு, படியேறி வர முடியாமல் இருக்கையிலேயே பெறுகிறவர் யார் என்று பீடப் பணிப் பெண்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளிகள், மரித்தோர் பட்டியலில் உள்ள பெயர்களை ஒரு மூப்பரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். போலந்து, இத்தாலி, போர்ச்சுகல் வம்சாவளியினர் நிறைந்த ஊர்கள் இவை; தகப்பனின் பெயரைப் பிழையாக உச்சரித்தால் மகனுக்கு வலிக்கும். அவர்களுடைய வழக்கத்தை மாற்றக் கூடாது. ஆராதனை முடிந்ததும் காரை நோக்கி ஓடாமல் காபிக்கு உட்கார வேண்டும். அந்த மேசையில்தான் சபையின் உண்மையான கவலைகள் வெளிவரும். கேளுங்கள்; தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேட்கும் கவலை எங்கும் ஒன்றுதான். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பித்தளை ஆலைகள் இருந்தன. வாட்டர்பரி நகரத்துக்குப் பித்தளை நகரம் என்றே பெயர். தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்திருந்த ஆலயங்களில் இன்று முப்பது பேர், இருபது பேர். முழுநேரக் குருவானவருக்கு ஊதியம் கொடுக்க அவர்களால் முடியாது. என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பல சபைகள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்துகின்றன. நாங்களும் எத்தனை காலம்? பனி பெய்த காலையில் குன்றுச் சாலையில் காரோட்ட என் மனைவி இப்போதே சம்மதிப்பதில்லை.

இதைக் குறித்து யோசித்தபோது என் சிறுவயது ஊர் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊருக்குத் தனியாக ஐயர் கிடையாது. சேகரத்தில் பல ஊர்கள்; ஐயர் சுற்றி வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில், குருத்துவம் பெறாத ஊழியரான உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார், நோயாளிகளைப் பார்த்தார், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார். ஐயர் வராத வாரங்களில் ஊர்ச் சபை மூடிக்கிடக்கவில்லை. மிஷன் காலத்திலிருந்து திருநெல்வேலிச் சபைகள் வளர்ந்தது அந்த உபதேசியார்களின் தோள்களில்தான். நம்மவர்கள் ஏழ்மையில் கண்டுபிடித்த அந்த ஒழுங்கு, செல்வ நாட்டில் சுருங்கிப்போன சபைகளுக்கு இன்று தேவைப்படுகிறது. எபிஸ்கோப்பல் ஜெபப் புத்தகத்தின்படி காலை ஜெப ஆராதனையைக் குருத்துவம் பெறாத எவரும் நடத்தலாம். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டின் பல ஆலயங்களில் ஞாயிறு ஆராதனை என்றாலே காலை ஜெபம்தான். வாரந்தோறும் திருவிருந்து என்ற நல்ல பழக்கம் வந்தபோது அது பின்னுக்குப் போய்விட்டது. குருவானவர் கிடைக்காத ஞாயிற்றில் கதவைப் பூட்டுவதற்குப் பதிலாக அதை மீண்டும் கையில் எடுக்கலாம்.

நான் அடிக்கடி போகும் ஒரு குன்றுச் சபையில், பேராயரின் அலுவலகத்தில் பேசி அனுமதி பெற்று, நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சனிக்கிழமை காலைகளில் ஆலயத்திலேயே கூடுகிறோம். அன்றைய வாசகங்களை அட்டவணையில் கண்டுபிடிப்பது எப்படி, சங்கீதத்தை இரு பக்கமாகப் பிரித்துச் சொல்லும்போது வரி நடுவே எவ்வளவு நிறுத்துவது, விசுவாசப் பிரமாணத்துக்கு எப்போது எழுந்து நிற்பது, பாவமன்னிப்பு அறிவிப்பில் குருவானவர் சொல்லும் இடத்தில் மற்றவர் வார்த்தையை எப்படி மாற்றிச் சொல்வது என்று ஒவ்வொன்றாகப் பழக்குகிறேன். பிரசங்கம் எழுத வேண்டாம், தொடக்கத்தில் வாசகத்தைத் தெளிவாக வாசித்தாலே போதும் என்றேன். ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். குரல் கணீரென்று கடைசி இருக்கைவரை போகும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் தனியாக நடத்துகிறார். நான் அன்று வரமாட்டேன் என்று சபையாரிடம் நானே சொல்லியிருக்கிறேன். நான் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வாசகங்களின் பட்டியலையும், பட்டியலில் உள்ள கடினமான பெயர்களின் உச்சரிப்பையும் அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆலயத்தின் சாவி ஏற்கெனவே அவரிடம்தான் இருக்கிறது.